ஆற்றிலே போட்டது

பியர்மான்ட்

கூண்டை மேலே தூக்கியவரின் முகத்தைப் பார்க்கும் முன்பே கூண்டுக்குள் பார்த்துவிட்டேன். ஏழு நண்டு. ஓடு பாசிப் பச்சை, கால்களும் கொடுக்கும் நல்ல நீலம். கடலூர் முதுநகரில் உப்பனாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவளுக்கு நண்டைக் கண்டால் கை தானாக எடை பார்க்கும். ஐந்து மாதக் கர்ப்பிணியான என் மகளுக்கோ மூன்று வாரமாக நண்டு ரசத்தின் மேல் ஆசை.

நியூயார்க் நகரத்துக்குச் சற்று வடக்கே, ஹட்சன் ஆற்றுக்குள் ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது பியர்மான்ட் துறை. அக்டோபர் மாதக் காலை. கரையோர மேப்பிள் மரங்கள் பழுத்த மிளகாய் நிறத்தில் நின்றன. ஆறு இங்கே ஏரி போல அகன்று கிடக்கிறது. நண்டுக்காரர் கயானா நாட்டிலிருந்து வந்து குடியேறியவர். அவருடைய பாட்டியின் பாட்டி மதராஸிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவராம். தமிழ் தெரியாது. மாரியம்மன் தெரியும். நாங்கள் கடலூர் என்றதும் ஏதோ உறவு விட்டுப்போனதைப் போல எங்கள் கையில் இரண்டு நண்டைத் திணிக்கப் பார்த்தார். பிறகு மகளின் வயிற்றைக் கவனித்தார். கையை இழுத்துக்கொண்டார்.

"இவளுக்கு வேண்டாம் அம்மா. நானே சாப்பிடுவதென்றாலும் உள்ளே இருக்கும் பச்சையை எடுத்து வீசிவிடுவேன். வேகவைத்த தண்ணீரையும் கொட்டிவிடுவேன்."

அவர் சொன்னது மாநில சுகாதாரத் துறையின் அறிவுரைதான். ஹட்சன் ஆற்று நண்டின் ஓட்டுக்குள் இருக்கும் அந்தக் குழைவான பச்சைப் பகுதியைத் தின்னக் கூடாது, வெந்த நீரைப் பயன்படுத்தக் கூடாது. பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் கட்டுப்பாடு இன்னும் கடுமை. நண்டு ரசம் என்பதே வெந்த நீர்தானே! மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, ஓட்டோடு கொதிக்கவிட்டு, சாறெல்லாம் இறங்கிய அந்தத் தண்ணீரைத்தான் நாங்கள் சளிக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் மருந்து என்று கொடுக்கிறோம். எங்கள் வீட்டில் ஓட்டுக்குள் இருக்கும் கொழுப்பை வழித்து எடுத்துப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் ஊட்டுவோம்.

"என்னம்மா, அப்படியே நின்னுட்ட?" என்றாள் மகள்.

இந்த ஆற்றுக்கு மாஹிகன் மக்கள் வைத்த பெயர் மாஹிகன்டக். இரு பக்கமும் ஓடும் ஆறு என்று பொருள் சொல்கிறார்கள். கடலின் ஏற்றவற்றம் இங்கிருந்து இன்னும் 200 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போகிறது. உப்பனாறும் அப்படித்தான். காலையில் கடலுக்குப் போன தெப்பைக்கட்டை சாயங்காலம் திரும்பி வரும். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் வேதியியல் நடத்தியவள் நான். நண்டுக்குள் இருப்பது என்ன என்பது எனக்குத் தெரியும். அது எங்கிருந்து வந்தது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. மகள் மறுக்கவில்லை. ஆற்றை எதிர்த்து மேலே போனோம்.

கோல்ட் ஸ்பிரிங்

இரண்டு பக்கமும் மலை நெருங்கி ஆற்றை இடுக்கிப் பிடிக்கும் இடம். எதிர்க்கரையில் வெஸ்ட் பாயிண்ட் ராணுவப் பள்ளியின் சாம்பல் நிறக் கோட்டைச் சுவர். ஊர்க்கோடியில் ஃபவுண்டரி கோவ் என்ற சிறு வளைகுடா, கோரையும் நாணலுமாக, பிச்சாவரத்தின் ஓரத்து வாய்க்கால் ஒன்றைப் போல அமைதியாகக் கிடந்தது.

இங்கே 1950களிலிருந்து 1979 வரை ஒரு பேட்டரித் தொழிற்சாலை நடந்தது. அதன் கழிவிலிருந்த காட்மியம் இந்த வளைகுடாச் சேற்றில் படிந்தது. அந்தச் சேற்றில் வாழும் நூல் போன்ற புழுவை ஆராய்ந்தவர்கள் கண்டது வியப்பான செய்தி. வேறு இடத்துப் புழுவைக் கொண்டுவந்து இந்தச் சேற்றில் விட்டால் செத்துப்போயிற்று. உள்ளூர்ப் புழு வாழ்ந்தது. முப்பது வருடத்துக்குள் நஞ்சைத் தாங்கும் உடம்பு அதற்கு வந்திருந்தது. 1990களின் நடுவில் சேற்றை அள்ளிச் சுத்தம் செய்தபின், சில ஆண்டுகளில் அந்தத் தாங்கும் திறனும் மறைந்தது.

புழு மட்டுமில்லை. குளிர்காலத்தில் பனிக்கட்டிக்கு அடியில் முட்டையிடும் டாம்காட் என்ற சிறுமீன் இந்த ஆற்றில் உண்டு. 2011இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு, ஹட்சன் டாம்காட்டின் மரபணு ஒன்றில் சிறு துண்டு விடுபட்டிருப்பதைக் காட்டியது. அந்த விடுபாட்டினால் அதன் உடலில் பிசிபி என்ற வேறொரு நஞ்சு போய்ப் பிடித்துக்கொள்ளும் கொக்கி தளர்ந்துவிட்டது. நஞ்சு அதன் ஈரலில் நிறைந்திருக்கிறது. மீன் சாவதில்லை. நான் கவலைப்பட்டது அந்த மீனைத் தின்னும் மீனை நினைத்து. நஞ்சோடு பிழைத்த ஒவ்வொரு உடம்பும் அதை அடுத்த வாய்க்கு எடுத்துச் செல்லும் பாத்திரம்தான்.

பொகிப்ஸி

வழியில் பீக்கன் ஊர். பாடகர் பீட் சீகர் வாழ்ந்த இடம். 1969இல் கிளியர்வாட்டர் என்ற பாய்மரக் கப்பலைக் கட்டி மிதக்கவிட்டு, கரையோர ஊர்தோறும் போய்ப் பாட்டுப் பாடி மக்களை ஆற்றங்கரைக்கு அழைத்தவர் அவர். அப்போது இது சாக்கடை ஆறு. 1972இல் தூய நீர்ச் சட்டம் வந்தது, கழிவுநீர் நிலையங்கள் வந்தன. இன்று பிள்ளைகள் இதில் நீந்துகிறார்கள். கண்ணுக்குத் தெரிந்த அழுக்கு போய்விட்டது.

பொகிப்ஸியில் 1889ஆம் ஆண்டு ரயில் பாலம் ஒன்று நடைபாலமாக மாறியிருக்கிறது. இரண்டு கிலோமீட்டர் நீளம், ஆற்றுக்கு மேலே அறுபது மீட்டருக்கு மேல் உயரம். நடுவில் நின்று பார்த்தால் ஆறு தகடாக மின்னுகிறது. இந்த ஊர் மக்கள் குடிப்பது ஹட்சன் தண்ணீரைத்தான், சுத்திகரித்து. பெஞ்சில் உட்கார்ந்து குழாய்த் தண்ணீரைக் குடித்த மகள் கேட்டாள்: "தண்ணிய குடிக்கலாம், மீன மட்டும் திங்கக் கூடாதா? ரெண்டும் ஒரே ஆத்துலதானேம்மா இருக்கு?"

வகுப்பில் ஒரு மாணவி இப்படிக் கேட்டிருந்தால் அன்று முழுக்க எனக்குப் பாடம் நடத்த உற்சாகமாக இருந்திருக்கும். மகளின் கைப்பேசித் திரையில் விரலால் இரண்டு அறுகோணம் வரைந்தேன். பென்சீன் வளையங்கள், இடையில் ஒரு பிணைப்பு. சுற்றிலும் குளோரின் அணுக்களை எங்கே எத்தனை ஒட்டலாம் என்பதைப் பொறுத்து 209 வகை. இதுதான் பிசிபி. தீப்பற்றாது, அமிலத்துக்கு அசையாது, மின்சாரத்தைக் கடத்தாது. 1929 முதல் அமெரிக்காவில் இதைத் தயாரித்து டிரான்ஸ்பார்மரிலும் மின்தேக்கியிலும் நிரப்பினார்கள். எந்தக் குணத்துக்காக அதை விரும்பினார்களோ அந்தக் குணத்தால்தான் ஆற்றுக்குப் போன பிறகும் அது அழியவில்லை. வெயில், நுண்ணுயிர் எதுவும் அதை முழுதாக உடைப்பதில்லை.

இன்னொரு குணம், அது எண்ணெய்ப் பசையுள்ளது. தண்ணீரில் கரைய விரும்பாது. மீன் குழம்பில் எண்ணெய் பிரிந்து ஓரத்தில் ஒதுங்குவதைப் போல, தண்ணீரை விட்டு எதிலாவது ஒட்டிக்கொள்ளத் துடிக்கும். நுண்ணிய வண்டலும் மக்கிய இலைத்தூளும் கிடைத்தால் அதில் ஒட்டிக்கொண்டு ஆற்றின் அடியில் போய்ப் படியும். அதனால்தான் மேலே ஓடும் தண்ணீரில் அது மிகச் சொற்பம். சேற்றைத் தின்னும் புழுவின் கொழுப்பில் சேரும். ஆயிரம் புழு தின்ற சிறுமீனிடம் ஆயிரம் புழுவின் சொத்தும் தங்கும். சிறுமீன் நூறைத் தின்ற பெரிய மீனிடம் இன்னும் கூடுதல். எந்த உயிரும் அதைச் சிறுநீரில் கழித்துவிட முடிவதில்லை. மனிதரிடம் வந்தால் தாயின் கொழுப்பில் சேர்ந்து, கருவுக்கும் தாய்ப்பாலுக்கும் போகும்.

கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டாம். மகள் வயிற்றில் கைவைத்துக்கொண்டு ஆற்றையே பார்த்தாள்.

கடலிலிருந்து வசந்தத்தில் முட்டையிட ஏறிவரும் ஸ்டிரைப்ட் பாஸ் இந்த ஆற்றின் பெருமை. எங்கள் கொடுவாயைப் போலக் கடலுக்கும் கழிமுகத்துக்கும் சொந்தமான மீன். வெள்ளி உடம்பில் கறுப்புக் கோடுகள். அந்த மீனில் பிசிபி இருப்பதை 1970இலேயே ராபர்ட் பாயில் என்ற பத்திரிகையாளர் ஒரு விளையாட்டு வார இதழில் எழுதினார். 1976இல்தான் அரசு அசைந்தது. ஸ்டிரைப்ட் பாஸ் பிடித்து விற்கத் தடை. தலைமுறையாக வலை கட்டிய குடும்பங்கள் பிழைப்பை இழந்தன. அவர்களில் ஒருவரும் ஒரு சொட்டு எண்ணெயை ஆற்றில் விட்டவர்கள் இல்லை.

ட்ராய்

இங்கே ஒரு அணை. கடலின் ஏற்றம் இதன் காலடியோடு நின்றுவிடுகிறது. அணைக்குக் கீழே இரு பக்கமும் ஓடும் ஆறு. மேலே ஒரே பக்கம். மேலிருந்து வரும் நஞ்சு அணையைத் தாண்டி விழுந்ததும், ஏற்றமும் வற்றமும் அதை முன்னும் பின்னுமாக ஆட்டி, நியூயார்க் துறைமுகம் வரை பரப்புகிறது. 1984இல் ஹட்சன் ஃபால்ஸ் ஊரிலிருந்து மன்ஹாட்டனின் தெற்கு முனை வரை 320 கிலோமீட்டர் ஆற்றையும் மத்திய அரசு நச்சுத் தல வரிசையில் சேர்த்தது. ஒரு ஆறே தலம்.

எங்களுக்கு நேரமில்லை. அணையில் வழியும் தண்ணீரின் சத்தத்தைக் கேட்டுவிட்டு நகர்ந்தோம்.

ஸ்டில்வாட்டர், ஸ்கைலர்வில்

ஸ்டில்வாட்டர், பெயரே அசையாத தண்ணீர். ட்ராயிலிருந்து ஃபோர்ட் எட்வர்ட் வரை 64 கிலோமீட்டருக்கு ஆறு படிக்கட்டு போல இறங்குகிறது. அணை, அதன் பின்னால் தேங்கிய நீர், மறுபடி அணை. ஒவ்வொரு தேக்கமும் வண்டல் இறங்குவதற்கென்றே கட்டிய தொட்டியைப் போல. ஓட்டம் தணியும் இடத்தில்தான் மீன் முட்டையிடும், நீர்ப்பூண்டு வளரும். நஞ்சும் தேடிப்போய் உட்கார்வது அதே இடத்தில்தான்.

கரையில் பூசணிக்காய் குவித்த கடைகள். பறித்த மணத்தோடு ஆப்பிள். பக்கத்தில் ஆப்பிள் சாற்றில் பிசைந்த மாவில் சுடும் டோனட், மேலே பட்டைத்தூளும் சர்க்கரையும். நம் ஊர்ச் சுழியத்தைக் கடிக்கும்போது வரும் சூடு. மகள் நான்கு சாப்பிட்டாள். 1777 அக்டோபரில் ஆங்கிலேயப் படைத்தலைவர் பர்கோய்ன் சரணடைந்தது ஸ்கைலர்வில் கரையில்தான். நினைவுத் தூண், வழிகாட்டிப் பலகை, பள்ளிப் பிள்ளைகள் வந்த பேருந்து.

ஆற்றில் இறங்கும் படித்துறையில் இன்னொரு பலகை. மீனைப் பிடித்தால் திரும்ப விடு, ஒன்றையும் எடுத்துச் செல்லாதே, ஒன்றையும் தின்னாதே. ஹட்சன் ஃபால்ஸிலிருந்து ட்ராய் வரை 1976 முதல் மீன்பிடிக்கவே தடை இருந்தது. 1995இல்தான் பிடித்துவிடலாம் என்று தளர்த்தினார்கள். தூண்டிலோடு நின்ற ஒரு இளைஞர், கையளவு மீனைப் பிடித்து, முள்ளைக் கழற்றி, முகத்தருகே வைத்துப் பார்த்துவிட்டு நீரில் விட்டார். ஊரில் நாங்கள் தூண்டில் போட்டதெல்லாம் அடுப்புக்குத்தான். ஆற்றுக்கும் அடுப்புக்கும் நடுவே இப்படி ஒரு பலகை நிற்கும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அங்கேயே நின்று எங்கள் உப்பனாற்றை நினைத்துக்கொண்டேன். என் சிறுவயதில் அப்பா துறையிலிருந்து மடவை வாங்கிவருவார். வாழையிலையில் சுற்றியதைப் பிரிக்கும்போதே கழிமுகத்தின் இனிப்பு வாசம். கரையில் தொழிற்பேட்டை வந்து சில வருடங்களில் ஒருநாள் குழம்பு கொதிக்கையில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. அடுப்பு ஒழுகுகிறதோ என்று அம்மா திரியைச் சோதித்தாள். ஒழுகவில்லை. குழம்பைக் கொல்லையில் கொட்டினோம். அதற்குப் பிறகும் மடவை வாங்கினோம், வாடையில்லாத நாளாகப் பார்த்து. வாடை இல்லாவிட்டால் நஞ்சு இல்லை என்று நினைத்தோம். வேதியியல் படித்த நானும் அப்படித்தான் நினைத்தேன் என்பது இன்றும் என்னைச் சுடுகிறது. அந்தக் கரையில் இத்தனை வருடத்தில் ஒரு பலகையை நான் பார்த்ததில்லை.

தலைக்கு மேலே வெண்தலைக் கழுகு ஒன்று வட்டமிட்டது. 1966இல் ஸ்வீடன் வேதியியலாளர் சோரன் யென்சன், டிடிடி பூச்சிக்கொல்லியைத் தேடிச் சோதித்த மாதிரிகளில் அடையாளம் தெரியாத ஒரு பொருளைக் கண்டார். செத்த கழுகு ஒன்றிலும் அது இருந்தது. இயற்கையில் பிசிபி இருப்பதை உலகம் அறிந்தது அப்படித்தான். ஹட்சன் கரையில் நூறாண்டு இல்லாமல் போன கழுகுக் குஞ்சு 1997இல் மறுபடி கூட்டிலிருந்து பறந்தது. இந்தக் கழுகு எங்கள் தலைக்கு மேலே மூன்று சுற்று சுற்றியது. பிறகு நேராக இறங்கி மீனோடு எழுந்தது. படித்துறைப் பலகையைப் படிக்க அதற்கு யார் சொல்லித்தருவது?

ஃபோர்ட் எட்வர்ட்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். இந்தப் பக்கத்து ஊர்களில் வெள்ளி என்றால் மீன் வறுவல். தட்டை நிறைத்து மாவில் முக்கிப் பொரித்த ஒரு முழத் துண்டு, கோஸ் பச்சடி, உருளை. ஆறு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஓடுகிறது. தட்டில் இருப்பதோ அட்லாண்டிக் கடலிலிருந்து வந்த ஹாடக்.

பரிமாறிய அம்மாளுக்கு எழுபது தாண்டியிருக்கும். எங்கிருந்து வருகிறோம், பிள்ளை எப்போது பிறக்கும் என்று கேட்டுவிட்டு, அடுத்த மேசை காலியானதும் எங்கள் அருகில் உட்கார்ந்தார். அவருடைய கணவர் மின்தேக்கி ஆலையில் வேலை பார்த்தவர். "பைரனால் என்று சொல்வோம் அந்த எண்ணெயை. சட்டையெல்லாம் அந்த வாசனையோடுதான் வீட்டுக்கு வருவார். நல்ல சம்பளம். இந்த வீடு, பிள்ளைகள் படிப்பு எல்லாம் அந்த வேலையில் வந்தது." ஆற்றைத் தோண்டப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது ஊரில் பாதிப் பேர் எதிர்த்தார்களாம். அவரும்தான். "புதைந்து கிடப்பதை ஏன் கிளற வேண்டும் என்று நினைத்தேன். மூடியிருந்தால் மறந்துவிடலாமே." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "என் பேரன் இங்கே ஒரு மீனும் தின்றதில்லை. என் அப்பா இந்த ஆற்று மீனில்தான் எங்களை வளர்த்தார்." அவர் சொன்ன எதையும் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் ஊரிலும் தொழிற்பேட்டைக்கு சைக்கிள் மிதித்துப் போனவர்கள் என் மாணவிகளின் அப்பாக்கள்தான்.

மறுநாள் காலை ஏழாம் எண் மதகுக்குப் போனோம். சாம்ப்ளெய்ன் கால்வாய் இங்கே ஆற்றோடு கூடுகிறது. மதகுக் காவலர், ஒரு படகு ஏறி இறங்குவதற்குள் கதவின் வேலையை எல்லாம் காட்டி விளக்கினார். அவர் கை நீட்டிக் காட்டிய வளைவுக்கு அப்பால்தான் ஒருகாலத்தில் பழைய அணை நின்றது. மேலே அடிரோண்டாக் மலைக் காடுகளில் வெட்டிய மரங்கள் நூறு வருடத்துக்கு மேல் இந்த வழியாகத்தான் மிதந்து வந்து அறுபட்டன. மரத்தூளும் பட்டையும் அணைக்குப் பின்னால் மேடாகக் குவிந்தன. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் ஃபோர்ட் எட்வர்டிலும் ஹட்சன் ஃபால்ஸிலும் 1947 முதல் 1977 வரை பிசிபி நிரப்பிய மின்தேக்கிகளைச் செய்தது. ஆலைக் கழிவு ஆற்றில் விழுந்ததும் முதலில் ஒட்டிக்கொண்டது அந்த மரத்தூளில்.

1973இல், அணை பழுதாகிவிட்டது என்று அதன் உரிமையாளரான மின் விநியோக நிறுவனம் அதை இடித்தது. அடைபட்டுக் கிடந்த வண்டல் முழுக்கக் கிளம்பி, தாம்சன் தீவுத் தேக்கத்திலும் அதற்குக் கீழேயும் இறங்கியது. கால்வாய் மண்ணால் அடைபட்டது. அப்போதும் அரசு அசையவில்லை.

எவ்வளவு போட்டார்கள்? சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2002ஆம் ஆண்டு முடிவு ஆவணத்தைப் படித்தபோது என் கண் ஒரு வரியில் நின்றுவிட்டது. 1957க்கும் 1975க்கும் இடையில் ஆற்றில் சேர்ந்தது 95,000 கிலோவிலிருந்து 5,90,000 கிலோ வரை இருக்கலாம். இரண்டு எண்ணுக்கும் நடுவே ஆறு மடங்கு இடைவெளி. மாணவி இப்படி விடை எழுதினால் நான் தாளைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். ஆனால் கணக்குப் போட்டவர்கள் மேல் தப்பில்லை. ஆற்றில் போட்டவர்கள் அளக்கவில்லை. 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்று எங்கள் பாட்டி உப்பு அள்ளும்போதுகூடச் சொல்வாள். சிக்கனத்துக்குச் சொன்ன பழமொழி என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

2009இலும், பிறகு 2011 முதல் 2015 வரையிலும் ஆற்றைத் தோண்டினார்கள். சட்டப்படி செலவு ஜெனரல் எலக்ட்ரிக்குடையது. 21 லட்சம் கன மீட்டர் சேறு. முதல் ஆண்டிலேயே, நினைத்ததைவிட ஆழத்தில் நஞ்சு கிடப்பது தெரிந்தது. மரத்தூளும் கட்டைகளும் அதை ஆழத்தில் பிடித்துவைத்திருந்தன. கால்வாய் ஓரத்தில் சேற்றைப் பிழிந்து உலர்த்தும் நிலையம் ஒன்று கட்டி, ரயில் பெட்டிகளில் ஏற்றி, டெக்சாஸ் போன்ற தூர இடங்களின் குழிகளுக்கு அனுப்பினார்கள். வெளியே எடுத்த பிசிபி மட்டும் சுமார் 1,40,000 கிலோ. முதலில் சொன்ன குறைந்த எண்ணைப் பாருங்கள், 95,000. போட்டதாகச் சொன்னதைவிட எடுத்தது அதிகம். இன்னும் அடியில் மிச்சம் இருக்கிறது. வெள்ளம் ஏறி வடிந்த கரை நிலங்களிலும் இருக்கிறது. ஏற்கெனவே கடலுக்குப் போனதை எந்த இயந்திரமும் தோண்டி எடுக்காது.

மதகுக் காவலரிடம், மீன் எப்போது தின்னத் தகும் என்று கேட்டேன். தன் காலத்தில் இல்லை என்றார். முகமையின் இலக்கு ஒரு கிலோ மீனில் 0.05 மில்லிகிராம். அந்த அளவுக்கு இறங்கினால் வாரம் ஒருமுறை தின்னலாம். எல்லா வகை மீனும் அந்த அளவுக்கு வர 55 ஆண்டோ அதற்கு மேலோ ஆகலாம் என்று முகமையே சொல்கிறது. எதிர்பார்த்த வேகத்தில் அளவு இறங்குகிறதா என்று சொல்ல இன்னும் சில ஆண்டு மீன் கணக்கு வேண்டும் என்று 2024இல் வந்த மறு ஆய்வு வரைவு சொன்னது. மகள் வயிற்றில் இருக்கும் பிள்ளை பேரன் பேத்தி எடுக்கும் வயது வரை இந்தக் கணக்கு நீள்கிறது.

ஹட்சன் ஃபால்ஸ்

ஆறு இங்கே பாறையில் இருந்து குதிக்கிறது. பேக்கர்ஸ் அருவி. நுரையும் இரைச்சலும் கண்ணுக்கு அழகு. அருவிக்கு மேலே வேலி போட்ட இடம்தான் ஆலை நின்ற தலம். புல் வெட்டிவிட்டிருக்கிறார்கள். வாசம் இல்லை, நிறம் இல்லை, எச்சம் என்று காட்ட ஒன்றுமில்லை. ஏதோ பெரிய அடையாளத்தைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்பது அங்கே நின்றபோதுதான் எனக்கே தெரிந்தது.

கசிவு தரைக்குக் கீழே. ஆலையின் எண்ணெய் மண்ணைக் கடந்து, பாறையின் வெடிப்புகளுக்குள் இறங்கி, அருவிக்கடியில் ஊறி ஆற்றோடு கலந்துகொண்டிருந்தது. 1991இல் பக்கத்திலிருந்த பாழடைந்த மில்லின் பழைய நீர்வழிக் கதவு இடிந்தபோது அந்த எண்ணெய் திடீரென ஆற்றுக்குள் பாய்ந்தது. அதற்குப் பிறகு பாறையில் கிணறு தோண்டி, ஆற்றின் அடியில் சுரங்கம் வெட்டி, ஊறுவதைப் பிடித்துச் சுத்திகரிக்கிறார்கள். ஊற்று தோண்டினால் தண்ணீர் வரும் என்று மட்டுமே தெரிந்து வளர்ந்தவள் நான். இங்கே ஊற்றில் வருவது எண்ணெய். ஆலை போய்விட்டது, வேலைக்கு வந்தவர்கள் போய்விட்டார்கள், இறைப்பது மட்டும் இரவும் பகலும் நடக்கிறது.

மகள் வேலியருகே வரவில்லை. வண்டியிலேயே இருந்தாள். அதுவும் சரிதான்.

ஹாட்லி

ஆலைகளுக்கு மேலே ஆறு எப்படி இருக்கும் என்று பார்க்காமல் திரும்ப மனம் வரவில்லை. ஹாட்லி மலையடிவாரச் சிற்றூர். சக்கண்டாகா ஆறு ஹட்சனோடு சேரும் இடம். தண்ணீர் கறுத்த தேநீர் நிறத்தில், கூழாங்கல் தெரிய ஓடுகிறது. இந்த இடத்தை எந்த மின்தேக்கி எண்ணெயும் தொடவில்லை.

கரையில் ஒரு தகப்பனும் எட்டு வயதுப் பையனும் மஞ்சள் பெர்ச் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வாளியில் நான்கு கிடந்தன, பொன் நிற உடம்பில் கரும்பட்டைகள். பையன் தூண்டிலைச் சுண்டி ஒன்றைக் கரைக்கு இழுத்தான், மற்றதைவிடப் பெரியது. குதித்தான். தகப்பன் மீனைக் குளிர்பெட்டியின் மூடியில் ஒட்டியிருந்த அளவுகோலில் வைத்தார். பதினோரு அங்குலம். பையன் முகம் சுண்டியது. தகப்பன் தலையாட்டினார். பையனே இரண்டு கையாலும் மீனைக் கொண்டுபோய் நீரில் விட்டான்.

நான் காரணம் கேட்டேன். இந்த மலைப்பகுதியில் பத்து அங்குலத்துக்கு மேற்பட்ட பெர்ச்சைக் குழந்தைகளும் 50 வயதுக்குட்பட்ட பெண்களும் தின்னக் கூடாதாம். பாதரசம். மேற்கே நிலக்கரி எரிக்கும் புகைபோக்கிகளிலிருந்து காற்றில் வந்து, மழையோடு இறங்கி, சதுப்பிலும் ஏரிச் சேற்றிலும் நுண்ணுயிர்களால் உருமாறி, மீனுக்கு வருகிறது. பெரிய மீன் என்றால் அதிக வருடம் தின்ற மீன். "அதனால் அளந்துவிட்டுத்தான் வாளியில் போடுவோம்" என்றார்.

நாங்கள் எங்கிருந்து எதைத் தேடி வந்தோம் என்பதை மகள் அவரிடம் சொன்னாள். நண்டு ரசத்தையும் சொன்னாள். அவர் வாளியிலிருந்து இரண்டு மீனை எடுத்து, ஒவ்வொன்றாக அளவுகோலில் வைத்து, எங்கள் கண்ணுக்கு நேரே காட்டினார். எட்டரை. ஒன்பது. பையன் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்துப் பிடித்தான்.

இரவு தங்கிய விடுதியில் சிறு அடுப்பு இருந்தது. ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மிளகும் சீரகமும் பூண்டும் கைப்பையில்தான் இருந்தன. கரண்டிக் காம்பால் தட்டினேன். புளி கொஞ்சம், மஞ்சள் கொஞ்சம். மீனைத் தலையோடு போட்டுக் கொதிக்கவிட்டேன். மகள் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து, ஊதி ஊதிக் குடித்தாள். முள்ளை உறிஞ்சினாள். அடியில் நின்ற சாற்றைச் சரித்துக் குடித்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள்.